அத்தா லைனில் இருந்தார்

1

புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி போன திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்டார்கள். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே உள்ள இணைப்பை ஒழுங்காக மூடுவது எப்படி என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் அது என் வேலை. ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அரை மணியில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. வியாழக்கிழமை வரை தாளை முன்னால் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று க்ளென்னிடம் சொன்னேன். க்ளென் என் மேலதிகாரி, நல்ல மனிதர். தானே எழுதிக்கொள்வதாகச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, மவுத்தாகி இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

ஆங்கிலத்தில் வராததைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். கனடாவின் இந்த ஒட்டாவா நகரத்தில் தமிழ் பேசும் குடும்பங்கள் நாலைந்து உண்டு. பொங்கலுக்கும் பெருநாளுக்கும் கூப்பிடுவார்கள். போனால் மரியாதையாகச் சாப்பாடு போடுவார்கள். ஆனால் புருஷனை அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவளிடம் எதைக் கேட்பது, எதை விடுவது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் ஜைத்தூன். திருவண்ணாமலையில் தகரப் பெட்டி செய்த காதர் பாயின் மகள். 'பொட்டி காதர்' என்றால்தான் ஊரில் தெரியும். கல்யாணப் பெண்ணுக்குச் சீர் வைக்கும் பூப்போட்ட பெட்டி, ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளையின் பெட்டி, கடலை மண்டிக்காரர்கள் கணக்கு நோட்டைப் பூட்டி வைக்கும் பெட்டி, எல்லாம் அவர் பட்டறையில் அடித்ததுதான். காலையில் எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் சுத்தியல் சத்தம் சாயங்காலம் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் நிற்கும். நான் எட்டாவது படிக்கும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு என்னையும் என் தம்பி ரஹீமையும் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே வைத்து அத்தா வளர்த்தார்.

2

கனடாவுக்கு வருவதற்கு முன் ஐந்து வருடம் நான் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். எழுபதுகளின் நடுவில் ஒரு முஸ்லிம் பெண் தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரான் குரலையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எங்கள் தெருவில் யாரும் ரசிக்கவில்லை. ஜமாத்தில் ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அத்தா கையில் இருந்த தகரத்தை வைக்காமலே பதில் சொன்னார்: "கவர்மெண்ட்டு வேலை பாய். பரீச்சை எழுதி வாங்கியிருக்கா. உங்க பையனுக்குக் கிடைச்சா வேணாம்பீங்களா?" முதல் நாள் சைக்கிளில் என்னை எக்ஸ்சேஞ்ச் வாசலில் இறக்கிவிட்டவரும் அவர்தான்.

என் பக்கத்து நாற்காலி கஸ்தூரிக்கு. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள். எனக்கு இரண்டு வயது மூத்தவள், என்னைவிட இரண்டு மடங்கு வாய். எங்களுக்கு முன்னால் ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். கூப்பிடுகிறவர் துளையில் ஒரு கயிற்றையும், கூப்பிடப்படுகிறவர் துளையில் அதன் ஜோடிக் கயிற்றையும் செருகினால் இரண்டு பேரும் பேசலாம். ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. பேசியவர் ரிசீவரை வைத்தால் அவருடைய விளக்கு எரியும். ஒரு விளக்கு எரிந்ததும் கயிற்றைப் பிடுங்கக்கூடாது. இரண்டும் எரிந்த பிறகுதான் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்கு இருந்த சட்டங்களில் முக்கியமானது இதுதான். ஒருவர் வைத்துவிட்டாலும் மற்றவர் இன்னும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கலாம், வைத்தவரே திரும்ப எடுக்கலாம்.

என் ஆங்கிலம் அங்கே கற்றதுதான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊருக்குப் பேச வருவார்கள். காலையில் பதிவு செய்தால் சாயங்காலம் லைன் கிடைக்கும். கண்ணாடிக் கதவு போட்ட பூத்துக்குள் நின்று அழுவார்கள். "இவ்ளோ தூரம் வந்து சாமியப் பாத்துட்டு எதுக்குடி அம்மாக்காரிகிட்ட அழறாங்க?" என்று கஸ்தூரி கேட்பாள். எனக்கும் அப்போது புரியவில்லை.

அத்தாவின் சிநேகிதர் வாணியம்பாடியில் தோல் வியாபாரி. அவர் மகன் சலீம் கனடாவில் இன்ஜினியர். கல்யாணப் பேச்சு ஒரே நாளில் முடிந்தது. நானும் ஆசைப்பட்டுத்தான் வந்தேன். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.

3

வந்த புதிதில் என் ஆங்கிலம் என்னை நன்றாகக் காலை வாரியது. எக்ஸ்சேஞ்ச் பழக்கத்தில், பேசி முடித்ததும் "இப்போது உங்களை வெட்டுகிறேன்" என்று பொருள் வரும்படி ஒரு கடைக்காரப் பெண்ணிடம் போனில் சொல்லிவிட்டேன். அவள் பயந்து தன் முதலாளியைக் கூப்பிட்டாள். சலீம் அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்றபோது கட்டணம் கட்டியவரும் அவர்தான். மகன் இம்தியாஸ் பிறந்தான். நான் படித்து முடித்தேன். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இரண்டு முனை, நடுவில் ஒரு கயிறு. வேறு வேடத்தில் என் பழைய வேலையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

பிறகு சலீமின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. தோல் வியாபாரத்தைப் பார்க்க ஆள் இல்லை. மூன்று பேருமாக வாணியம்பாடிக்குப் போய்விடுவோம் என்றார். அங்கே நான் என்ன செய்வேன் என்று கேட்டேன். "வீட்டைப் பார்த்துக்கோ" என்றார். நான் மாட்டேன் என்றேன். ஐந்து மாதம் இதே பேச்சு. கடைசியில் அவர் மட்டும் போனார். விமான நிலையத்தில் இம்தியாஸைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம், "உனக்கு அந்த மிஷின்தான் பெரிசு" என்றார். இல்லை என்று நான் சொல்லவில்லை. எட்டு மாதம் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் தலாக் வந்தது.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். திருமண உறவு முடிந்த தேதி என்று ஒரு கட்டம். எது அந்தத் தேதி? அவர் விமானம் ஏறிய நாளா, அவர் கடிதம் எழுதிய நாளா, அது என் கைக்கு வந்த நாளா? அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கட்டத்தில் ஒரு தேதிக்குத்தான் இடம் இருக்கிறது, அம்மா" என்றாள். கடிதம் வந்த நாளை எழுதினேன்.

அத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் கடிதங்களை ரஹீம்தான் படித்துக் காட்டுவான். அவன் அப்போது பெங்களூரில் லேத் பட்டறையில் வேலைக்குப் போயிருந்தான். நான் தலாக் ஆன கதையைப் பக்கத்துக் கடைக்காரர் உரக்கப் படிக்க அத்தா கேட்க வேண்டாம் என்று கஸ்தூரிக்கு எழுதினேன். மாதத்தில் முதல் ஞாயிறு சாயங்காலம் அத்தாவை எக்ஸ்சேஞ்ச் பூத்துக்கு வரவழைப்பதாக அவள் ஏற்பாடு செய்தாள். அங்கே சாயங்காலம் என்றால் எனக்குக் காலை எட்டு மணி. மாண்ட்ரீல், பம்பாய், மெட்ராஸ் என்று மூன்று ஆபரேட்டர்களைத் தாண்டி நாலாவதாகக் கஸ்தூரியின் குரல் வரும்.

முதல் தடவை அத்தா கத்தித்தான் பேசினார். போனில் எல்லோருமே கத்துவார்கள்.

"எல்லாம் வந்து சொன்னாங்க. வாணியம்பாடில நான் எப்டிமா மூஞ்சி காட்டறது? புருஷன் கூப்புட்டான், நீ போவல. அவ்ளோதான். எனக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அத்தா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

பதில் இல்லை. லைனில் இரைச்சல் மட்டும். வைத்துவிட்டார் என்று நினைத்தேன். கஸ்தூரி நடுவில் வந்தாள்.

"வைக்கலடி. லைன்லதான் இருக்காரு. ரிசீவரக் காதுல வச்சிக்கினு நிக்கறாரு. நீ பேசு."

பேசினேன்.

4

மூன்று வருடம் அப்படியே நடந்தது. முதல் ஞாயிறு எட்டு மணிக்கு இம்தியாஸுக்குப் பாலும் ரொட்டியும் வைத்துவிட்டு உட்காருவேன். லைன் கிடைத்ததும், "வந்துட்டாரு, நிக்கறாரு" என்பாள் கஸ்தூரி. நான் ஆரம்பிப்பேன். பனி எத்தனை அடி, பையனுக்கு எந்தப் பல் விழுந்தது, ரம்ஜானுக்கு என்ன சமைத்தேன். அத்தா ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு தடவை இருமினார். அந்த இருமலை ஒரு மாதம் வைத்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கஸ்தூரியிடம் கேட்பேன்: "என்ன பண்ணாரு?"

"கேட்டுக்கினே இருந்தாரு. தலைய ஆட்டிக்கினு."

"கோவமா இருந்தாரா?"

"இல்லடி. கோவம்லாம் இல்ல."

அந்தத் தலையாட்டலை நம்பி எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். சலீமோடு போகாததற்கு வாணியம்பாடி வீடு காரணமில்லை, என் வேலை எனக்கு அவரைவிடப் பிடித்திருந்தது என்பதைச் சொன்னேன். இது பாவமா என்று கேட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி அழுதேன். நான் பேசுவதை நிறுத்தினால் இரைச்சல் மட்டும் கேட்கும். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

இம்தியாஸைப் பேச வைக்கப் பார்த்தேன். எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை நன்னா என்று கூப்பிடுவார்கள். "நன்னா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்து ரிசீவரைக் கையில் கொடுத்தேன். சொன்னான், காத்திருந்தான், மறுபடி சொன்னான். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டி ஆங்கிலத்தில் சொன்னான்: "அந்தப் பக்கம் யாரும் இல்லை." இருக்கிறார், கேட்கிறார் என்றேன். "இல்லை" என்றான். அதற்குப் பிறகு முதல் ஞாயிறு வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஏழு வயதுக்குள் அவனிடம் இருந்த தமிழ், பசிக்குது, வேணாம் என்ற இரண்டு வார்த்தைகளாகச் சுருங்கிவிட்டது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இப்போது கேட்டது புரிகிறதா என்பதே எனக்குச் சந்தேகம்.

முதல் வருடம் மே மாதம் அத்தாவிடம் கேட்டேன். "லீவுக்கு இம்தியாஸக் கூட்டிக்கினு ஊருக்கு வரட்டுமாத்தா? வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வந்துடறேன்."

காத்திருந்தேன். கடிகாரத்தில் நொடிமுள் ஒரு சுற்றுச் சுற்றியது. அவர் வா என்று சொல்லவில்லை.

அடுத்த மே மாதமும் கேட்டேன். அதற்கு அடுத்த வருடம் கேட்கவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்ற வீம்பு. அதுவும் அவரிடமிருந்து வந்ததுதான்.

5

நடுவில் ஒரு குளிர்காலத்தில் அலுவலகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். கீழ்த்தளத்துப் பரிசோதனைக்கூடத்துக் கம்ப்யூட்டர் ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்பும். மேல்தளத்து வார்டில் உள்ள கம்ப்யூட்டர் வாங்கி அச்சடிக்கும். சில நாட்களில் கடைசிப் பக்கம் வரவில்லை என்று அங்கிருந்து ஒரு நர்ஸ் புகார் சொன்னார். எல்லா நாளும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும். நல்லவேளையாக அவர் ஒவ்வொரு தாளையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். அந்தப் பகுதியை எழுதியது நான்.

மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்தேன். தவறு மூடும் இடத்தில் இருந்தது. அனுப்புகிற என் புரோகிராம் கடைசிப் பக்கத்தையும் அனுப்பிய மறுகணம் இணைப்பை ஒரேயடியாக மூடிவிடும். அந்த நேரத்தில் மேல்தளத்திலிருந்து 'இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் வந்தது' என்று வந்திருந்த சின்னச் சின்னப் பதில்களை என் புரோகிராம் படித்திருக்காது. படிக்காத பதில் இருக்கும்போது மூடினால், கம்ப்யூட்டர் அதை ஒழுங்கான முடிவாக எடுத்துக்கொள்ளாது. அறுந்துபோனது என்று மறுமுனைக்குத் தகவல் கொடுத்துவிடும். அந்தத் தகவல் கிடைத்ததும் மறுமுனைக் கம்ப்யூட்டர், கையில் வாங்கி வைத்திருந்தும் இன்னும் படிக்கப்படாத பக்கங்களை அப்படியே கொட்டிவிடும்.

க்ளென்னுக்கு இது விளங்கவில்லை. "கடைசிப் பக்கம் கிடைத்துவிட்டதாக மேல்தளத்துக் கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறதே? பதிவு இருக்கிறது பார்" என்றார்.

"கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. அதற்குள் இருக்கும் புரோகிராம் படித்ததா என்று அந்தப் பதிவு சொல்லாது" என்றேன்.

"அப்படியானால் அவர்கள் படித்தார்கள் என்று நமக்கு எப்படித்தான் தெரியும்?"

"அவர்களே சொல்ல வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டும்."

திருத்தி எழுதினேன். என் பக்கம் அனுப்பி முடித்ததும், நான் பேசி முடித்தேன் என்று மட்டும் அறிவிக்கும். இணைப்பை மூடாது, கேட்டுக்கொண்டே இருக்கும். மறுமுனை எல்லாவற்றையும் படித்து, அச்சடித்து, நானும் முடித்தேன் என்று சொன்ன பிறகுதான் முழுக்க மூடும். மறுமுனை செத்துப்போயிருந்தால் என்றென்றும் காத்திருக்கக்கூடாதே, அதற்கு ஒரு கெடு. அதன் பிறகு பக்கம் காணாமல் போகவில்லை. க்ளென் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். எங்கள் ஊர்ப் பலகையின் இரண்டு விளக்குகளைப் பற்றி அன்று அவர்களுக்குச் சொன்னேன். கை தட்டினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல உட்கார்ந்து அத்தாவிடம் பேசினேன். என் பாராட்டைப் பற்றித்தான் பேசினேன்.

6

போன வருடம் ஏப்ரலில் ரஹீம் தந்தி கொடுத்தான். அத்தா மவுத், அடக்கம் முடிந்தது. எங்களில் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள். யாருக்காகவும் வைத்திருக்க மாட்டார்கள். மாரடைப்பாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இம்தியாஸைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆறாம் நாள் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு.

பட்டறை பூட்டியிருந்தது. வீட்டில் ஓதுவதற்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் மனைவி பாத்திமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தகரம் எடுத்துக்கினு ரோட்டக் கிராஸ் பண்ணாரு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சிக்கினேதான் வந்திருக்கான். அவன் இன்னா பண்ணுவான் பாவம். இவருக்குத்தான் காது கேக்காதே."

"யாருக்கு?" என்றேன்.

பாத்திமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ரஹீம் என்னை எழுப்பிப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனான். பெங்களூரை விட்டு அவன் வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்க்கா. எல்லாம் சுத்தியல் சத்தத்தால வந்ததுதான். காது ரொம்ப நாளாவே கம்மியாத்தான் கேட்டுக்கினு இருந்தது. மூணு வருஷமா சுத்தமா இல்ல. நான் வந்ததுலருந்து கையால காட்டித்தான் பேசறேன்."

"மாசாமாசம் எங்கிட்ட போன்ல..."

"ஆமா, போவாரு. அன்னிக்கு மட்டும் வெள்ளை ஜிப்பா போட்டுக்குவாரு. சவரம் பண்ணிக்குவாரு."

"ரஹீம், அவரு என் மேல கோவமா இருந்தாருடா. பேசமாட்டேன்னு சொன்னாரு."

"கோவம்லாம் ஆறு மாசத்துல போயிடுச்சுன்னு சொன்னாருக்கா. அதுக்குள்ள காது போயிடுச்சு. ஏன் பேசலன்னு நானே கேட்டேன். 'அவ எப்ப நிறுத்தறான்னு எனக்கு எப்டிடா தெரியும்? அவ அழுதுக்கினு இருக்கும்போது நான் மழை பெய்யுதான்னு கேட்டா, செவுடுன்னு தெரிஞ்சிக்குவா. ஒண்டியா இருக்கறவ, அங்கருந்து கவலப்படுவா'ன்னாரு. நீ லைன்ல இருக்கேன்னு கஸ்தூரியக்கா கையக் காட்டுவாங்களாம். அது போதும்பாரு."

எத்தனை நேரம் அந்தப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே குர்ஆனிலிருந்து யாசீன் ஓதி முடித்தார்கள். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள். வருவதற்கு எனக்கு ஒருவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு மே மாதமும் நான் வா என்ற வார்த்தைக்குக் காத்திருந்தபோது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சவரம் செய்த முகத்தோடு அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்.

7

மறுநாள் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். கஸ்தூரி என்னைப் பார்த்ததும் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள். முன் முடி நரைத்திருந்தது. கட்டிக்கொள்ள வந்தாள். நான் நகர்ந்தேன்.

"உனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்டி."

"மூணு வருஷம்."

"அவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. எம் பொண்ணு தலைல அடிச்சி சத்தியம் பண்ணச் சொன்னாரு. நான் என்னடி பண்ணுவேன்? நீ கேக்கும்போதெல்லாம் தலைய ஆட்னாருன்னு சொன்னேன். ஆட்னாரு. பொய் சொல்லல."

"நான் வரட்டுமான்னு கேட்டேன். ரெண்டு வாட்டி கேட்டேன். வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டேன். லைன்ல நீதான் இருந்த. நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

கஸ்தூரியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் நடிக்கத் தெரியாதவள்.

"எப்ப கேட்ட?"

"மே மாசம். ரெண்டு வருஷமும்."

"எனக்குக் கேக்கலடி. நீ உள் விஷயம் பேச ஆரம்பிச்சா, அழ ஆரம்பிச்சா, நான் கேக்கற சாவியத் தள்ளிட்டு லைன விட்டு வெளிய வந்துடுவேன். அப்பன் பொண்ணு பேசறத நான் எதுக்குக் கேக்கணும்? அப்டித்தான நாம பழகினோம்." பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்தை தனியாக் கேட்டிருக்கக் கூடாதா? நீ வான்னு நானே சொல்லியிருப்பேனே" என்றாள்.

கேட்டிருக்கலாம். அத்தா என்னைக் கூப்பிடவில்லை என்பதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

"நீ கேட்டிருக்கணும். ஊர்க் கதையெல்லாம் ஒட்டுக் கேட்டவதான நீ."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பலகையில் யாரோ கூப்பிட்டார்கள். கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன். ஊரில் இருந்த மீதி ஒன்பது நாளில் அந்தப் பக்கம் போகவில்லை.

8

திரும்பி வந்த பிறகு கஸ்தூரி மூன்று கடிதம் எழுதினாள். முதல் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தாள். இரண்டாவதில் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி, சண்டையே நடக்காத மாதிரி. மூன்றாவது சின்னது. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ஆட்டோமேட்டிக் மிஷின் வருகிறது, பலகையைக் கழற்றப் போகிறார்கள், தன்னை வேலூருக்கு மாற்றிவிட்டார்கள் என்று எழுதிப் புது விலாசம் கொடுத்திருந்தாள். "நீ பதில் எழுத வேணாம். படிச்சேன்னு மட்டும் ஒரு கார்டு போடு."

அதைக்கூடப் போடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கோபம் அவள் முகம் வெளுத்தபோதே போய்விட்டது. எழுத உட்காருவேன், அன்புள்ள கஸ்தூரி என்று எழுதுவேன். அடுத்த வரியில் அவள்மேல் தப்பில்லை என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் தப்பு யார்மேல் என்பதையும் எழுத வேண்டும். தாளை மடித்து வைத்துவிடுவேன். எட்டு மாதம் போனது.

இந்த ஜனவரியில் ஒருவழியாக எழுதி அனுப்பினேன். நாலே வரி. உன்மேல் தப்பில்லை, நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை, உன் கடிதம் மூன்றையும் படித்தேன்.

போன சனிக்கிழமை தபால் பெட்டியிலிருந்து கடிதங்களை இம்தியாஸ் எடுத்துவந்தான். நடுவில் என் உறை. வேலூரில் யாரோ சிவப்பு மையில், ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார், விலாசம் தெரியவில்லை என்று குறுக்கே எழுதியிருந்தார்கள். பதில் வராததால் முன்பே ரஹீமிடம் விசாரிக்கச் சொல்லியிருந்தேன். கீழ்பென்னாத்தூர் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், மகளுக்குக் கல்யாணமாகி வடக்கே எங்கோ போய்விட்டாள், அவளோடு இவளும் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"இது யார் அனுப்பியது?" என்று இம்தியாஸ் ஆங்கிலத்தில் கேட்டான்.

"நான்தான்" என்றேன், தமிழில்.

புரிந்ததோ இல்லையோ, உறையை மேஜைமேல் வைத்துவிட்டுப் கால்பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். அவன் சிநேகிதர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேசிச் சிரிக்கும் அவன் குரல் தெருமுனை வரை கேட்டது. நான் உறையைப் பிரிக்கவில்லை. அதில் இருப்பது எனக்குத் தெரியும்.